போகல

காசிமேட்டில், விடிய இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்போது
ஐஸுக்கு ஆள் எழுந்துவிடும்.
தேசப்பன் ஐஸ் கம்பெனிக்கு நான் எழுதிக்கொடுத்த ஃபார்மில்
நான்கே கட்டங்கள்:
படகு எண், எத்தனை பார்,
உடைத்ததா முழுசா, எந்த ஜெட்டி.
கீழே நீலத்தில் ஒரு பட்டன்.

முதல் வாரம் பட்டனை அமுக்கியதும்
பக்கமே வெள்ளையாகிவிடும்.
ஈரக் கட்டைவிரலோடு நிற்பவருக்கு
அந்த வெள்ளை எவ்வளவு நேரம் என்று தெரியாது.
இன்னொரு தபா அமுக்கினார்கள்.
இன்னொரு தபா.
முப்பது பார் கேட்ட படகுக்குத்
தொண்ணூறு வந்து இறங்கியது.
அறுபது பார் ஐஸ்
ஜெட்டியில் படுத்துக் கிடந்து
யார் கணக்கிலும் சேராமல்
மீன் கழுவிய தண்ணீரோடு போனது.

நான் எழுதிய பிழை உருகி ஓடுவதை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
செருப்பு நனைந்தது.

அன்றிரவு தண்டையார்பேட்டை மாடியறையில்
ஜேக்வெரியை எடுத்து வைத்தேன்.
பழைய சரக்கு, இப்போ யார் இதில் எழுதுகிறார்கள்
என்றான் சிறுசேரியில் வேலை பார்க்கும் நண்பன்.
இருக்கட்டும். எங்கள் பக்கம்
பழைய எஞ்சினுக்குத்தான் ஸ்பேர் கிடைக்கும்.

வழக்கமாய்ச் செய்வதைச் செய்யாதே என்று
பிரவுசரைத் தடுக்க ஒரு வரி.
நான்கு கட்டங்களையும் ஒரே சரமாய்க் கோக்க ஒரு வரி.
பின்வாசல் வழியே சர்வருக்கு அனுப்ப,
போனது திரும்பும்வரை பட்டனின் வாயைக் கட்ட,
குட்டிச் சக்கரம் ஒன்றைச் சுற்றவிட.
பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும்.
கொருக்குப்பேட்டை கேட் போல
ஒரு கூட்ஸ் வண்டிக்காக
ஊரே எஞ்சினை அணைத்துவிட்டு நிற்க வேண்டாம்.

இதைப் படகோடு ஒப்பிடக்
கை அரிக்கிறது. மாட்டேன்.
படகில் ஆள் போகிறான்.
இதில் போவது எழுபது எண்பது எழுத்து.

பதில் வந்தால் என்ன என்பதை
ஆசையாய் எழுதினேன்:
பச்சை டிக், வண்டி எண், டிரைவர் பெயர்.
வராவிட்டால் என்ற அடைப்புக்குறிகளுக்குள்
ஒன்றுமில்லை.
அப்புறம் பார்த்துக்கலாம் என்று
எனக்கு நானே ஒரு குறிப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை சர்வர்
நாலு நிமிஷம் கண்ணை மூடியது.
அந்த நாலு நிமிஷத்துக்குள்
முனிரத்தினம் அமுக்கியிருந்தார்.
சக்கரம் சுற்றியது. நம்பினார்.
நாலே கால் வரை, நாலரை வரை.
மற்ற படகுகளின் விளக்குகள்
முகத்துவாரம் தாண்டிச் சிறுத்த பிறகு
எனக்கு போன் செய்தார்.

"பாப்பா, இல்லன்னு சொல்லியிருந்தா
பக்கத்து கம்பெனிக்கு நடந்திருப்பேன்ல.
சுத்திக்கினே இருந்துச்சி.
வரும்னு நெனச்சிக்கினேன்."

திட்டவில்லை.
பின்னால் யாரோ சங்கிலியை
இரும்பு மேல் இழுக்கும் சத்தம்.
சாரி சொன்னேன்.
அவர் போனை வைத்த பிறகும் ஒருமுறை.

எட்டு விநாடிக்கு மேல் காத்திருக்காதே என்று எழுதினேன்.
பிறகு வெற்று அடைப்புக்குறிகளுக்குள் என்ன போடுவது.
'மன்னிக்கவும், தொழில்நுட்பக் காரணங்களால்.' அழித்தேன்.
'தங்கள் கோரிக்கை நிறைவேறவில்லை.'
தாலுகா ஆபீஸ் ஜன்னல் போலிருந்தது, அழித்தேன்.
'பிழை 500' என்று போட்டால்
ஐநூறு பார் என்று நினைப்பார்கள்.
கடைசியில் சிவப்பில், பெரிய எழுத்தில்:

போகல.
இன்னொரு தபா அமுக்குங்க.
அப்பவும் போகலன்னா இந்த நம்பர்.

நம்பர் என்னுடையது.
மாதத்தில் இரண்டு மூன்று முறை
விடியாத நேரத்தில் அடிக்கிறது,
தூக்கக் கலக்கத்தில் பார் எண்ணிக்கையை
கை மேலேயே எழுதிக்கொள்கிறேன்.

இப்போது கல்மண்டபத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு
அடுத்த ஃபார்ம்.
வராவிட்டால் என்பதை முதலில் எழுதிவிட்டேன்.

தேசப்பனுக்கு பில் அனுப்பி
இருபத்து மூன்று நாளாகிறது.
நீல டிக் விழுந்திருக்கிறது.
சுத்திக்கினே இருக்கு.